பொழிலில் எழும் ஓசை: குணமாலையார் இலம்பகமும் கனகக்குன்றும்

வரும் பொங்கல் விழாவைக் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில், திறந்த வெளியில், ஒரு ராக் இசைக்குழுவை வரவழைத்து நடத்தலாம் என்று நம் சங்கத்து இளைஞர்கள் சொல்லி வருகிறார்கள். பொதுக்குழுவில் இரண்டு தடவை இந்தப் பேச்சு வந்தது. இரண்டு தடவையும் பெரியவர்கள் "அது நம்ம இசையா?" என்று கேட்டார்கள், பிள்ளைகள் "உங்க காலம் வேற" என்றார்கள், காபி வந்தது, கூட்டம் கலைந்தது. நம்ம இசையா இல்லையா என்பது என்னுடைய கேள்வி அல்ல. இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்குக் குறை. மலர்க்குழுவினர் வழக்கம்போலச் சீவக சிந்தாமணியைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். பொதுக்குழுவில் சொல்ல விட்டுப்போனதையும் சிந்தாமணியையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஒட்டுப் போட்டது போலத் தோன்றினால், கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கனகக்குன்று என்று நாம் சொல்வதை இங்குள்ளவர்கள் கனகக்குன்னு என்பார்கள். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில் (1885–1924) விருந்தினரை உபசரிப்பதற்காக எழுந்த மாளிகை அது. இன்று சுற்றுலாத் துறையின் கையில் இருக்கிறது. ஓணம் வாரத்துக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழா எல்லாவற்றுக்கும் அங்குள்ள நிஷாகந்தி திறந்தவெளி அரங்கு பழகிப்போன இடம். காலையில் நடக்க வருகிறவர்கள், மாலையில் குழந்தைகளை விளையாட விடுகிறவர்கள், மரத்தடியில் சும்மா உட்காருகிறவர்கள் எல்லாருக்கும் அது ஊர்ப் பூங்கா. கூப்பிடு தூரத்தில் நேப்பியர் மியூசியம். சென்னையில் செனட் மண்டபத்தைக் கட்டிய சிஸம் துரைதான் இதையும் வரைந்தவர், 1880இல் முடிந்தது. அந்தத் தோட்டத்திலேயே பாண்டு வாத்தியம் வாசிப்பதற்கென்று ஒரு மேடையும் இருக்கிறது. ஆகவே பூங்காவில் மேல்நாட்டு இசை என்பது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. அதற்கும் அந்தப் பக்கத்தில்தான் மிருகக்காட்சிசாலை. 1859இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானவற்றில் ஒன்று. ஊரில் இத்தனை ஆண்டு இருந்தும், இந்த மூன்றும் ஒரே மரக்கூட்டம் என்பது எனக்கு உறைத்தது 2023 ஜூன் மாதத்தில்தான். காட்சிசாலையிலிருந்து தப்பிய ஒரு ஹனுமான் குரங்கு, வாரக்கணக்கில் சுற்றுவட்டாரத்து மரங்களின் மேலேயே குடியிருந்தது. மனிதனுக்குத்தான் மதில், சாலை, டிக்கெட். குரங்குக்கு எல்லாம் ஒரே தோப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓணம் வாரத்தில் என் பேரன் என்னை அங்கே ஒரு ராக் கச்சேரிக்கு அழைத்துப் போனான். இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போனேன். அந்தக் குழுவின் பெயர் இங்கே தேவையில்லை. இசையைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நான் காதைப் பொத்திக்கொண்டு உட்காரவில்லை. 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'அவியல்' என்ற குழுவை அதற்கு முன்பே பேரன் எனக்குப் போட்டுக் காட்டியிருந்தான். 2008இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் நாட்டார் மெட்டும் கித்தாரும் ஒன்றையொன்று மிதிக்காமல் நடப்பதைக் கேட்டிருக்கிறேன். பெயர் வைத்தவன் சமையல் தெரிந்தவன்: எல்லாக் காயும் வேகவேண்டும், எந்தக் காயும் கரையக்கூடாது. அன்று மேடையில் பாடிய பையன்களிடமும் அந்தப் பதம் இருந்தது. ஆனால் அது எங்களிடம் வந்து சேரவில்லை. திறந்த வெளியில் சுவர் இல்லை. ஓசை திரும்பி வந்து காதைத் தொடுவதில்லை. அந்தக் குறையை ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டித்தான் ஈடுகட்டுகிறார்கள். முன்வரிசைக்குச் சொல் புரியவில்லை, பின்வரிசைக்குக் கித்தார் கேட்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்தது நெஞ்சுக்கூட்டில் விழுந்த முரசடி ஒன்றுதான். "எப்படித் தாத்தா?" என்று பேரன் கேட்டான். "பாட்டு நல்லாத்தான் இருக்கும்போல, வீட்டுக்குப் போய்க் கேட்டுடலாம்" என்றேன். சிரித்துவிட்டான்.

முதல் பாட்டு எழுந்தபோது மரங்களில் அடைந்திருந்த காக்கைகள் அத்தனையும் ஒன்றாகக் கலைந்தன. சுற்றிச் சுற்றிப் பறந்தன. இரண்டாம் பாட்டில் சில திரும்பி உட்கார்ந்தன, மறுபடி எழுந்தன. அதற்குமேல் இருட்டில் தெரியவில்லை. காக்கைக்குச் சிறகு இருக்கிறது, வேறு தெருவுக்குப் போகலாம். கூண்டில் இருக்கிறவை எங்கே போகும் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் ஏதாவது கத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. அந்த எண்ணம் வந்த பிறகு என்னால் பாட்டில் மனம் வைக்க முடியவில்லை.

மறுநாள் கடைவேலையாகக் கல்லாற்றுக்குப் போனேன். விதுராவைத் தாண்டி, பொன்முடி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் இருக்கிற ஊர். மிளகும் ஜாதிக்காயும் எடுக்கிற சாக்கில் நெடுங்காலமாகப் போய்வருகிறேன். ஊருக்குப் பெயர் சரியாக வைத்திருக்கிறார்கள். ஆறு முழுதும் உருண்டைக் கல். அந்தக் கல்லின்மேல் தண்ணீர் போகிற ஓசையைக் கேட்டுக்கொண்டு, எனக்குப் பல வருடப் பழக்கமான ஒரு காணிக்காரப் பெரியவரிடம் முந்தின நாள் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "முதலாளி, இங்கே விருந்தினர் வந்து பெட்டி வச்சுப் பாடுற ராத்திரியில் ஆனை தன் பழைய வழியில் இறங்காது. வேற வழியில் இறங்கும். அந்த வேற வழியில் எங்க வீடு இருக்கு" என்றார். ஓசை ஓரிடத்தில், அதன் விலை இன்னோரிடத்தில். கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லமுடியாது.

யானை விஷயத்தில் பெரியவர் சொன்னதற்கு நூல்வழியும் இருக்கிறது. கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க அம்மையார் 1984இல் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் யானைக் கூடத்தருகே நின்றபோது, காதுக்கு ஒன்றும் கேட்காமலே காற்று துடிப்பதை உணர்ந்தார். சின்ன வயதில் மாதா கோயில் ஆர்கனின் ஆகக் கனத்த குழலருகே நின்றபோது உண்டான அதே துடிப்பு என்று நினைவு வந்தது. பிறகு கருவி வைத்துப் பார்த்ததில், மனிதக் காதுக்குக் கீழே, நொடிக்கு 20 அதிர்வுக்கும் குறைந்த ஓசையில் யானைகள் பேசிக்கொள்வது தெரியவந்தது. நாம் மௌனம் என்று நினைக்கிற இடத்தில் பேச்சு நடக்கிறது.

சிந்தாமணிக்கு வருகிறேன். திருத்தக்கதேவர் பதின்மூன்று இலம்பகத்தில் பாடிய காப்பியத்தில், இசைக்கு ஓர் இலம்பகமும் பூங்காவுக்கு ஓர் இலம்பகமும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றாவது காந்தருவதத்தையார் இலம்பகம், நான்காவது குணமாலையார் இலம்பகம். இந்த அடைவை யாரும் பெரிதாக எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. மணநூல் என்று பெயர் வாங்கிய காப்பியம் ஆதலால், மணம் அடுத்து மணம் என்று எண்ணிக்கொண்டு போய்விடுகிறோம்.

காந்தருவதத்தையை வீணையில் வெல்பவனே மணக்கலாம் என்பது ஏற்பாடு. போட்டி எங்கே நடக்கிறது? தெருவிலும் அல்ல, சோலையிலும் அல்ல. அதற்கென்றே ஒரு மண்டபம் எழுகிறது. எடுப்பித்தவன் சீதத்தன் என்ற வணிகன். (நம் தொழில்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.) அங்கே சீவகன் முதலில் வாசிக்கவில்லை, தந்த வீணைகளைச் சோதிக்கிறான். இந்த மரம் நீரில் கிடந்து இளகியது, இது வெட்டுப்பட்டது, இது இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். கருவியின் நாதத்தில் மரம் பட்ட துன்பம் கேட்கும் என்கிறது காப்பியம். நச்சினார்க்கினியர் உரையோடு இந்தப் பகுதியைப் படிக்கிறவர்கள் தேவரின் இசையறிவை வியப்பார்கள். எனக்கு வியப்பு, அந்தக் காதின் நுணுக்கம். இடி விழுந்த மரத்தைக் கண்டுபிடிக்கிற காது அது. அப்படிப்பட்ட காதுடையவர் அடுத்த இலம்பகத்தில் ஊர் மக்கள் அத்தனை பேரையும் பூங்காவுக்குக் கொண்டுபோகிறார்.

வேனில் வருகிறது. இராசமாபுரத்து மக்கள் பொழில் விளையாட்டுக்கும் நீராட்டுக்கும் புறப்படுகிறார்கள். குணமாலையும் சுரமஞ்சரியும் தோழிகள். யார் இடித்த சுண்ணம் உயர்ந்தது என்று இருவருக்கும் வழக்கு. சீவகனிடம் தீர்ப்புக்கு வருகிறது. அவன் தானே முகர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம். இரண்டு சுண்ணத்தையும் மேலே எறிகிறான்; வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தைக் கொள்கின்றன. வழக்கு முடிந்தது. சுரமஞ்சரி கோபித்துக்கொண்டு இனி ஆண்முகம் பார்ப்பதில்லை என்று கன்னிமாடம் போய்விடுகிறாள். சொற்பொழிவுகளில் இந்த இடம் கைதட்டல் வாங்கும். ஆனால் தீர்ப்புச் சொன்னது யார் என்று கவனியுங்கள். அந்தப் பூங்காவில் குடியிருக்கிற வண்டு. விருந்துக்கு வந்தவர்கள் தங்களுக்குள் தகராறு செய்தபோது, வீட்டுக்காரனைக் கேட்டு முடித்த மாதிரி இருக்கிறது.

அதே பூங்காவில், அதே விழாவில், ஒரு நாய் வருகிறது. அந்தணர் உணவில் வாய் வைத்ததற்காக அடிபட்டுச் சாகக் கிடக்கிறது. சீவகன் அதன் காதில் ஐம்பத மந்திரத்தைச் சொல்கிறான். அது சுதஞ்சணன் என்ற தேவனாகப் பிறக்கிறது. விழா முடிந்து கூட்டம் திரும்பும் வழியில் கட்டியங்காரனுடைய பட்டத்து யானை அசனிவேகம் மதம் கொண்டு பாய்கிறது, குணமாலை அதன் முன் அகப்படுகிறாள், சீவகன் அடக்குகிறான். அதன் பிறகுதான் காதலும் தூதும் மணமும்.

நான் கேட்ட சொற்பொழிவுகளில் நாயைச் சமயப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். யானையை வீரம் காட்ட வந்த உத்தி என்பார்கள். எங்கள் வீடுகளிலோ நாயை மட்டும் பிடித்துக்கொள்வோம், மந்திரத்தின் மகிமை என்று. இரண்டும் அரைப் படிப்பு என்பது என் துணிபு. வண்டு, நாய், யானை மூன்றையும் தேவர் ஒரே இலம்பகத்தில், ஒரே விழாவுக்குள் வைத்திருக்கிறார். ஒன்று தீர்ப்புச் சொல்கிறது, ஒன்று அடிபட்டுச் சாகிறது, ஒன்று மதம் கொண்டு பாய்கிறது. பூங்காவில் விழா எடுக்கும் மனிதர்களைச் சுற்றி, அழைக்கப்படாத உயிர்கள் எப்போதும் இருக்கின்றன என்பதை விவாதமாகச் சொல்லாமல் கதையாகவே நடத்திக் காட்டுகிறார். விழாவின் ஓசையால்தான் யானைக்கு மதம் பிடித்தது என்று நான் வலிந்து பொருள் சொல்ல வரவில்லை. பக்கத்தில் வைத்திருக்கிறார், அதுவே எனக்குப் போதும். இலம்பகத்தின் முடிவில் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லச் சொல்லும்போது, தூக்கிக் காப்பாற்றிக் கொண்டுபோவது அந்தச் சுதஞ்சணன்தான். நாய் இல்லையென்றால் காப்பியம் நான்காம் இலம்பகத்தோடு முடிந்திருக்கும். இதைப் பிரசாரம் என்று ஒதுக்குகிறவர்கள் கதையையே ஒதுக்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தேவர் பூங்கா விழாவைக் கண்டிக்கவில்லை. துறவியாய் இருந்துகொண்டு அந்த நீராட்டையும் சுண்ணத்தையும் அத்தனை ஆசையாகப் பாடியிருக்கிறார். சந்தோஷத்தையும் அதன் பக்கத்திலேயே நாயையும் பார்க்கத் தெரிந்திருந்தது அவருக்கு. நம் பொதுக்குழுவில் பெரியவர்கள் சந்தோஷத்தை மறுத்தார்கள், பிள்ளைகள் பக்கத்தில் பார்க்க மறுத்தார்கள்.

எங்கள் இல்லறத்தாருக்கு விரதம் சொல்லும் அருங்கலச்செப்பு, காரணமில்லாமல் செய்கிற தீங்கை அனர்த்த தண்டம் என்று தனியே எடுத்துப் பேசுகிறது. ஐந்து வகை. அதில் ஒன்று தீயவற்றைக் கேட்பது. எங்கள் உறவில் ஒரு பெரியவர், ராக் இசையைக் கேட்பதே அந்த வகையில் சேரும் என்று என்னிடம் வாதாடினார். நான் ஒப்பவில்லை. அங்கே சொல்லப்படுவது இம்சையிலும் ஆசையிலும் மனத்தைக் கலக்கும் கேள்வி. கித்தாரில் என்ன இம்சை இருக்கிறது? ஆனால் ஐந்தில் இன்னொன்று, நினையாமல் செய்வது. வேலையில்லாமல் மண்ணைத் தோண்டுவது, நீரைக் கலக்குவது, செடியைக் கிள்ளுவது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எண்ணமே இல்லை, அதுதான் குற்றம். பாட்டு முதல் வகையில் சேராது. பாட்டை எங்கே வைக்கிறோம் என்பது இந்த வகையில் சேரலாம்.

இதற்கு நான் கண்ட நல்ல உதாரணம் லண்டனில் இருக்கிறது. 1969 ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இலவசக் கச்சேரி நடத்தியது. லட்சக்கணக்கில் கூட்டம். அவர்களோடு இருந்த பிரையன் ஜோன்ஸ் என்ற இளைஞர் இரண்டு நாள் முன்பு இறந்துபோயிருந்தார். அவர் நினைவாக மிக் ஜாகர் ஷெல்லியின் இரங்கற்பாவிலிருந்து வாசித்தார். பிறகு அட்டைப்பெட்டிகளைத் திறந்து நூற்றுக்கணக்கான வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டார்கள். பல பறக்கவில்லை. அடைத்து வைத்த பெட்டிக்குள்ளேயே, வெயிலில், செத்திருந்தன. ஒரு நண்பனின் சாவுக்கு இரங்குவதற்காகச் செய்தது இது. கெட்ட மனிதர்கள் அல்லர், துக்கம் உண்மை, கவிதை உயர்ந்தது. பெட்டிக்குக் காற்றோட்டம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த வுட்ஸ்டாக்குக்கு இடம் ஒரு பால்பண்ணைக்காரருடைய வயல்; அவர் பேசி விலை வாங்கிக்கொண்டு கொடுத்தார். ஹைட் பார்க்கில் அந்தப் பூச்சிகளுக்காக விலை பேச யார் இருந்தார்கள்?

ஆனால் அதே ஹைட் பார்க்கில் 2012 ஜூலை 14 அன்று, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மக்கார்ட்னியும் சேர்ந்து மேடையில் நின்றபோது, அனுமதித்த நேரம் தாண்டிவிட்டது என்று ஒலியை நிறுத்திவிட்டார்கள். உலகமே கேலி செய்தது. எனக்கு அந்த நகராட்சியின்மேல் மரியாதை வந்தது. யாருக்காக இருந்தாலும் எடை ஒன்றுதான்.

நம் நாட்டிலும் எடைக்கல் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்தின் எல்லையில் அந்த அளவுக்கு மேல் பத்து, அல்லது மொத்தம் 75, எது குறைவோ அது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். மிருகக்காட்சிசாலை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. அரசு நினைத்தால் அறிவிக்கலாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமோ, காட்சிசாலை விலங்குகளைச் சீண்டக்கூடாது என்று சொல்லும் அதே பிரிவில், ஓசையாலும் தொந்தரவு செய்யக்கூடாது என்கிறது. உள்ளே போய்க் கூண்டைத் தட்டுகிற சிறுவனை நாம் அதட்டுகிறோம். வெளியே நின்று பெட்டி பெட்டியாக அடுக்கித் தட்டுவதற்கு நுழைவுச்சீட்டு விற்கிறோம்.

சட்டத்தின் எடைக்கல்லிலும் ஒரு குறைச்சல் உண்டு. வியாபாரிகள் இதைக் கவனிக்கவேண்டும். அந்த விதிகள் அளப்பது மனிதக் காதுக்கு ஏற்ப அமைத்த டெசிபலில். மனிதக் காதுக்குக் கனத்த ஓசை மந்தமாகத்தான் கேட்கும் என்பதால், அளவைக் கருவி அந்தப் பகுதியில் தள்ளுபடி கொடுத்துக்கொண்டே போகும். ராக் குழுவின் பேஸ் கித்தாரில் ஆகக் கனத்த தந்தி நொடிக்கு 41 அதிர்வு. அந்த இடத்தில் தள்ளுபடி முப்பது டெசிபலுக்கு மேல். பத்து டெசிபலுக்கு ஆற்றல் பத்து மடங்கு என்பது கணக்கு. முப்பது என்றால் ஆயிரம் மடங்கு. அந்த ஓசையின் அலை எட்டு மீட்டருக்கும் நீளம். மரம் இருக்கிறதே, தடுக்காதா என்று செயற்குழுவில் ஒரு நண்பர் கேட்டார். இலையும் கிளையும் கிண்கிணி ஓசையைத் தடுக்கும்; எட்டு மீட்டர் அலை அடிமரத்தை வளைத்துக்கொண்டு போய்விடும். தூரம் இரட்டித்தால் சுமார் ஆறு டெசிபல் குறையும், அவ்வளவுதான். ஆகக் கருவி 'சரியான அளவு' என்று காட்டுகிற நேரத்திலேயே, நம் காதைப் போல் அல்லாத காதுள்ள ஒரு பிராணிக்கு என்ன போய்ச் சேர்கிறது என்பது அந்தக் கருவியில் ஏறுவதே இல்லை.

இதையெல்லாம் ராக் குழுக்களின் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். ஆடி மாதம் முழுக்கக் கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டிக்கொண்ட ஊர்களில் வளர்ந்தவர்கள் நாம். 2016இல் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வெடிக்கட்டு வெடித்து நூறு பேருக்கு மேல் போனார்கள். அங்கே கித்தார் இல்லை. எங்கள் சமயத்து ஊர்வலத்துக்கே இப்போது பாண்டு செட்டு வருகிறது. தடுக்கச் சொல்லி நான் பேசி, ஒருவரும் கேட்கவில்லை. எந்த இசை என்பதைவிட எந்த இடத்தில் எவ்வளவு என்பதுதான் பேச்சு. 2023 நவம்பரில் கொச்சிப் பல்கலைக்கழகத்துத் திறந்தவெளி அரங்கில் கச்சேரி தொடங்கும் முன்பே, படிக்கட்டு நெரிசலில் நாலு உயிர் போனது. இடத்தைப் பற்றி முதலில் யோசிக்காவிட்டால் மனிதனும் தப்பமாட்டான்.

பூங்காவில் இசையே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். சென்னை மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சனம் கண்டவர் பெயரில் உள்ளது. அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒலிவாங்கி இல்லாமல் பிள்ளைகளைப் பாடவைக்கும் கச்சேரிகள் நடந்திருக்கின்றன. பாடுகிற பிள்ளை பறவையோடு போட்டியிடவேண்டாம். கேட்கிறவர் கிட்டே வந்து உட்காரவேண்டும், அவ்வளவே. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பொங்கல் நாட்களில் நாட்டுப்புறக் கலைகளை நகரப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தபோது, சபா வாசலை மிதித்திராத கலைஞர்களும் ரசிகர்களும் ஒரே புல்லில் நின்றார்கள். அது பெரிய காரியம். பொது இடம் எல்லாருக்கும் என்பதற்கு 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி ஓட்டவேண்டியிருந்த நாடு இது. பூங்காவைப் பூட்டிவைக்கச் சொல்கிறவன் நான் இல்லை. பிள்ளைகள் பூங்காவைக் கேட்பதற்கும் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். மண்டபத்துக்குள் வைத்தால் நம் முகங்களே வரும். திறந்த வெளியில் வைத்தால் வழியில் போகிற மலையாளிப் பையனும் நின்று கேட்பான். அவர்கள் பக்கம் இருக்கிற ஆகச் சிறந்த நியாயம் இது. இதை அவர்கள் பொதுக்குழுவில் சொல்லாமல் 'உங்க காலம் வேற' என்றதுதான் தப்பு.

ஆகவே என் யோசனை இது. காலை ஏழு முதல் ஒன்பது வரை, பொங்கல் வைத்த கையோடு, கனகக்குன்றுப் புல்வெளியில் நம் பிள்ளைகளின் பாட்டும் கும்மியும். மின்சாரம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், வழிப்போக்கர் யாரும் வரலாம். ராக் குழு மாலையில், சீதத்தன் செய்த மாதிரி, மண்டபத்தில். அய்யன்காளி அரங்கு இருக்கிறது, டாகூர் தியேட்டர் இருக்கிறது. சுவர் உள்ள இடத்தில் அந்தப் பையன்களின் சொல்லும் கேட்கும், கித்தாரும் கேட்கும். அவர்களுக்கும் அது மரியாதை. திறந்த வெளிதான் வேண்டும் என்று பிடிவாதம் வந்தால், கிழக்கேகோட்டைப் பக்கம் புத்தரிக்கண்டம் மைதானத்தைப் பார்க்கலாம். பஸ் ஓசையில் பழகிய இடம். அங்கேயும் கனத்த பெட்டிகளைத் தரையில் குறைத்து வைக்கவேண்டும், ஒன்பதரைக்கு முடிக்கவேண்டும், அளவைக் கருவியைத் தள்ளுபடி இல்லாத வரிசையில் வைத்துப் பார்க்க ஒரு பொறியியல் படித்த பிள்ளையை நிறுத்தவேண்டும். நம்மில் அப்படி ஒரு டஜன் பேர் இருக்கிறார்கள்.

மண்டப வாடகை கூடும் என்பார் பொருளாளர். கூடும்தான். பூங்காவுக்கும் மண்டபத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். மீதியை நெடுமங்காடு, சாலைக் கடைக்காரர்கள் நாலு பேரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன். அடுத்த செயற்குழுவில் இதை முதல் பொருளாக வைத்தால் நல்லது. மாலை ஐந்துக்குக் கூட்டினால் நானும் முழுக்க இருப்பேன். இருட்டிய பிறகு கூட்டினால் எனக்குச் சாப்பாடு எடுத்துவைக்க வேண்டாம்.